தறிச் சத்தம் கேட்கும் வீட்டில் ஓபன் பேக் ஹெட்போன் சரிப்பட்டு வருமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நடந்தால் தறிச் சத்தமும் கூடவே வரும். நாடா ஓடுவது, மிதிப்பலகை இறங்குவது, ஜக்கார்டு பெட்டி ஏறி இறங்குவது என எல்லாம் வாசல் வரை கேட்கும். இப்படி ஒரு வீட்டில் இருந்துகொண்டு பாட்டு கேட்கவோ, மைக் வைத்து எடிட்டிங் வேலை பார்க்கவோ ஓபன் பேக் ஹெட்போன் வாங்கலாமா? பிராண்டைப் பார்ப்பதற்கு முன் அறையைப் பார்ப்பது நல்லது.

ஓபன் பேக் என்றால் என்ன?

சாதாரண ஹெட்போனில் காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைத்திருக்கும். ஓபன் பேக்கில் அங்கே வலையோ துளைகளோ இருக்கும். பின்பக்க ஒலி உள்ளேயே முட்டி மோதாமல் வெளியே போய்விடும். அதனால் பாட்டு தலைக்குள் அடைபடாமல், சற்றுத் தள்ளி நடப்பதுபோல் கேட்கும். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் வெளியிட்ட எச்டி 414 இந்த வகையைப் பிரபலமாக்கியது.

இதன் பலம் எங்கே தெரியும்? காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பெரிய பக்கவாத்தியக் கூட்டத்தோடு முழுக்கச்சேரி செய்தவர். அந்த மாதிரி கச்சேரியை நல்ல ஸ்டீரியோ பதிவாகக் கேட்டால், எந்த வாத்தியம் எந்தப் பக்கம் என்று ஓபன் பேக்கில் பிரித்துக் கேட்கலாம். ஆனால் அடிவயிற்றில் இடிக்கும் பேஸ் வேண்டுமென்றால் ஏமாற்றம்தான்.

எதை வாங்கலாம்?

குறைந்த பட்ஜெட்டில் சாம்சன் எஸ்ஆர்850, ஏகேஜி கே240 ஸ்டுடியோ இரண்டும் உண்டு. இவை பாதி திறந்த வகை. கே240-ன் கேபிளைக் கழற்றி மாற்றலாம் என்பது கூடுதல் வசதி. வீட்டில் சும்மா பாட்டு கேட்க பிலிப்ஸ் எஸ்எச்பி9500 போதும். 32 ஓம் என்பதால் போனிலேயே நன்றாக ஓடும்.

மிக்ஸிங் வேலைக்கு சென்ஹைசர் எச்டி 560எஸ் ஏற்றது. விலை கூடுதல் என்றாலும், ஒலியைக் கூட்டிக் குறைக்காமல் உள்ளது உள்ளபடி காட்டும். பேயர்டைனமிக் டிடி 990 புரோவில் மேல்ஸ்தாயி கூர்மையாக இருக்கும். அதன் 250 ஓம் மாடலை நேராக போனில் செருகிவிட்டு "சத்தமே வரலையே" என்று புலம்பிப் பயனில்லை. அதற்கு ஆம்ப் வேண்டும். ஹெட்போன் ஓட்டை இல்லாத போனுக்கு யுஎஸ்பி-சி டாங்கிள் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

எங்கே சிக்கல்?

உள்ளே இருக்கும் ஒலி வெளியே போகிற அதே வழியில் வெளிச்சத்தமும் உள்ளே வரும். பாடகர் இதைப் போட்டுக்கொண்டு மைக் முன் நின்றால், காதில் ஓடும் தாளம் மைக்கிலும் பதிவாகிவிடும். பக்கத்தில் தூங்குபவருக்கும் பாட்டு கேட்கும்.

இதைவிடப் பெரிய கவலை காதுதான். தறிச் சத்தத்தை அமுக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி நேரம். 86-ல் 10 மணி நேரம்தான். தினமும் 8 மணி நேரம் ஹெட்போனோடு வேலை பார்ப்பவர்கள் இரண்டே நாளில் இந்த எல்லையைத் தாண்டிவிடுவார்கள். போன செவித்திறன் திரும்பி வராது.

ஆக, ஒரே ஒரு ஹெட்போனுக்குத்தான் காசு என்றால், பகல் முழுக்கத் தறி ஓடும் வீட்டுக்கு மூடிய வகைதான் சரி. ரெக்கார்டிங்குக்கும் அதுவே உதவும். தறி நின்ற பிறகு, இரவில் தனி அறையில் கேட்பவர்களும் மிக்ஸ் செய்பவர்களும் தாராளமாக ஓபன் பேக் வாங்கலாம். மிக்ஸ் முடிந்ததும் சாதாரண போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது அவசியம். பெரும்பாலானோர் அதைக் கேட்கப்போவது அதில்தானே!