சோதனைச் சாவடியில் தேங்கும் அறிவியல்

திருவனந்தபுரம் நகரின் ஆரியசாலைக்கும் தமிழகத்துக்கும் உள்ள உறவு இரண்டு நூற்றாண்டுகளைத் தாண்டியது. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவின் அங்கமே ஆரியசாலை. தமிழ் வணிகர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தி வருகின்றனர். சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர் ஆ. மாதவனும் அந்தக் கடைத்தெருவில் கடை நடத்தியவர்தான். களியக்காவிளை வழியாகவும் ஆரியங்காவு வழியாகவும் எல்லை தாண்டும் தமிழகக் காய்கறி லாரிகளை நம்பித்தான் கேரளத் தலைநகரின் பல சமையலறைகளில் அடுப்பு எரிகிறது.

அந்தக் கடைத்தெருவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வெள்ளாயணி வேளாண் கல்லூரி. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அங்கமான அக்கல்லூரியில் பூச்சிக்கொல்லி எச்சங்களைக் கண்டறியும் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. சந்தையில் விற்கப்படும் காய்கறி, பழம், மசாலாப் பொருள் ஆகியவற்றின் மாதிரிகளைச் சேகரித்து, எதில் எந்த மருந்து எந்த அளவில் தங்கியிருக்கிறது என்பதைக் கண்டறிந்து அறிக்கை வெளியிடுவது அதன் பணி. கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய் ஆகியவை இந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப இடம்பிடித்தன. இயற்கை விளைபொருள் என்ற பெயரில் விற்கப்பட்டவற்றில்கூட சில மாதிரிகளில் எச்சம் காணப்பட்டது. காய்கறிகளைக் கழுவுவதற்கான கரைசல் ஒன்றையும் அந்த ஆய்வுக்கூடம் உருவாக்கியது. புளிக்கரைசலில் ஊறவைத்துக் கழுவும் எளிய முறையையும் இல்லத்தரசிகளுக்குப் பரிந்துரைத்தது.

ஒரு வட்டார ஆய்வுக்கூடம் தன் மக்களுக்குச் செய்யக்கூடிய பயனுள்ள பணி இது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டில் நடந்தது என்ன? தமிழகக் காய்கறிகளில் நஞ்சு என்ற முழக்கம் கேரளத்தில் எழுந்தது. அம்மாநில உணவுப் பாதுகாப்புத் துறையினர் தமிழகத் தோட்டங்களுக்கே வந்து பார்த்துச் சென்றனர். எல்லையில் கெடுபிடி வரும் என்று அறிவிப்புகள் வெளியாயின. தமிழக அதிகாரிகளோ, தங்கள் சோதனையில் வரம்பு மீறல் ஏதும் இல்லை என்று மறுத்தனர். முல்லைப் பெரியாறு போல இதுவும் இரு மாநிலப் பூசலாக மாறிவிடுமோ என்ற அச்சம் எழுந்து, பிறகு வழக்கம்போல அடங்கிவிட்டது. உண்பவருக்கும் விளைவிப்பவருக்கும் அதனால் கிடைத்த பயன் ஏதுமில்லை.

இரு மாநிலங்களும் மறந்துவிட்ட ஒரு வரலாறு உண்டு. 1958-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நஞ்சு கலந்த உணவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். கோதுமை மாவு மூட்டைகளுடன் ஒரே கப்பலில் ஏற்றி வரப்பட்ட பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கசிந்து மாவில் கலந்ததே காரணம். நுண்ணுயிரியல் அறிஞரும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் முதலாவது முதல்வருமான டாக்டர் சி.ஓ. கருணாகரன், இந்தத் துயரம் குறித்து இந்திய மருத்துவச் சங்க இதழில் அதே ஆண்டு கட்டுரை எழுதினார். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் மத்திய அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் பெயரிலேயே கேரளமும் சென்னையும் சேர்ந்து இடம்பெற்றிருந்தன. அந்த விசாரணையின் தொடர்ச்சியாகத்தான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மலையாளியும் தமிழரும் ஒன்றாகக் கொடுத்த உயிர்களின் மீது எழுந்த சட்டம் அது.

வெள்ளாயணி போன்ற ஆய்வுக்கூடங்கள் தரும் எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு மாதிரியில் எச்சம் இருக்கிறது என்பது ஒன்று. அது அனுமதிக்கப்பட்ட வரம்பை மீறியிருக்கிறது என்பது வேறொன்று. அந்தப் பயிருக்குப் பரிந்துரைக்கப்படாத மருந்து தெளிக்கப்பட்டிருக்கிறது என்பது மூன்றாவது. இம்மூன்றும் பத்திரிகைத் தலைப்புகளிலும் மேடைப் பேச்சிலும் நஞ்சு என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

கறிவேப்பிலையை எடுத்துக் கொள்வோம். நெல், பருத்தி போன்ற பெரும்பயிர்களுக்கு மருந்து நிறுவனங்கள் ஆய்வுத் தரவுகளைத் திரட்டி, மத்தியப் பதிவுக் குழுவிடம் அனுமதி பெறுகின்றன. கறிவேப்பிலை, புதினா போன்ற சிறு பயிர்களுக்கு அப்படிச் செலவிட எந்த நிறுவனமும் ஆர்வம் காட்டுவதில்லை. பயிருக்கென்று தனி வரம்பு நிர்ணயிக்கப்படாத நிலையில், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது வரம்பே பொருந்தும். அதாவது 100 டன் இலையில் ஒரே ஒரு கிராம். பூச்சி விழுந்தால் சட்டப்படி தெளிக்க மருந்து இல்லை. கடைக்காரர் கொடுத்ததைத் தெளித்தால் குற்றம். இந்த முட்டுச்சந்தில் விவசாயியை நிறுத்தியது அவரது பேராசை மட்டுமல்ல, தில்லியில் உள்ள பதிவு முறையும்தான்.

அந்த வரம்பும் கல்வெட்டு அல்ல. மசாலாப் பொருள்களுக்கும் மூலிகைகளுக்கும் பொருந்திய 0.01 மில்லிகிராம் பொது வரம்பை, 2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 0.1 மில்லிகிராமாக, அதாவது 10 மடங்காக உயர்த்தியது. இந்திய மசாலா நிறுவனங்கள் சிலவற்றின் பொருள்களுக்கு எதிராக ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நடவடிக்கை எடுத்த அதே மாதத்தில் இது நிகழ்ந்தது. நேற்று வரம்பு மீறிய பொருள் இன்று வரம்புக்குள் வந்துவிடும் என்றால், எண்ணைக் காட்டிப் பக்கத்து மாநிலத்தைப் பழிப்பதில் பொருள் என்ன?

இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. சந்தையில் எடுக்கப்படும் மாதிரி எந்த வயலில் விளைந்தது என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஒட்டன்சத்திரத்திலோ பாவூர்சத்திரத்திலோ பல விவசாயிகளின் சரக்கு ஒன்றாகக் கலந்து லாரி ஏறுகிறது. மூட்டை பிரிக்கப்படும் இடத்தில் இருப்பவர் சாலைக் கடைத்தெருவின் வியாபாரி. அவர் மருந்து தெளித்தவரும் அல்லர். தெளிக்கப்பட்டதை அறிந்தவரும் அல்லர். ஆனால் அதிகாரிகள் வந்து நிற்பது அவர் கடை வாசலில். ஆய்வின் முடிவு அங்கேயே நின்றுவிடுகிறது. கடைசியாக மருந்து தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்ய வேண்டும் என்ற எளிய அறிவுரையாக அது விவசாயியின் வரப்புக்குத் திரும்பிச் செல்வதே இல்லை.

இதில் வியப்பு என்னவென்றால், வெள்ளாயணி ஆய்வுக்கூடமும் கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடமும் இந்திய வேளாண் ஆராய்ச்சி கவுன்சிலின் ஒரே தேசியத் திட்டத்தின் கீழ் இயங்குபவை என்பதுதான். 2005-06 முதல் மத்திய வேளாண் அமைச்சகம் நாடு தழுவிய எச்சக் கண்காணிப்பையும் நடத்தி வருகிறது. விஞ்ஞானிகள் ஒரே குடையின் கீழ் இருக்கின்றனர். அரசுகள்தான் தனித்தனிக் குடை பிடிக்கின்றன.

வட்டார அறிவியலின் குரலைத் தில்லி காலம் தாழ்த்திக் கேட்டால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு காசர்கோடு சாட்சி. முந்திரித் தோட்டங்களின் மீது பல ஆண்டுகள் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட கிராமங்களில் காணப்பட்ட விபரீத நோய்களை முதலில் உரக்கச் சொன்னவர்கள் உள்ளூர் மருத்துவர்களும் மக்களும்தான். அதன் பிறகு ஒரு குழு உண்டு என்றது. இன்னொரு குழு இல்லை என்றது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடை விதிக்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா ரூ. 5 லட்சம் வழங்க 2017-இல் அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

அதே அறிவியல் எல்லை தாண்டிக் கைகோத்தபோது கிடைத்த பலனுக்கும் சான்று உண்டு. மரவள்ளியைத் தாக்கும் அயல்நாட்டு மாவுப்பூச்சி 2020-இல் திருச்சூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சோதனைச் சாவடி எதிலும் நில்லாமல் அது சேலம், நாமக்கல் வயல்களுக்குப் பரவியது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அப்பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை 2021-இல் தருவித்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அது வயலில் விடப்பட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், மரவள்ளி இலையிலிருந்தே உயிரிப் பூச்சிக்கொல்லி தயாரித்திருக்கிறது. பயிர் நோய்களை அடக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவைப் பொடி வடிவில் விவசாயியின் கையில் கொடுத்தது கோவைப் பல்கலைக்கழகம். எச்சம் இல்லாத காய்கறிக்கான வழி, இரு மாநிலங்களின் ஆய்வுக்கூடங்களிலேயே இருக்கிறது. அவை தோட்டத்துக்கு வந்து சேரும் வேகத்தைவிட, மருந்துக் கடையின் விளம்பரம் வேகமாக வந்து சேர்கிறது என்பதுதான் துயரம்.

அரசியல் சட்டமும் இதற்குத் தடையல்ல. வேளாண்மை, வேளாண் ஆராய்ச்சி, பொது சுகாதாரம் ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆனால் உணவுக் கலப்படமும், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு மனிதரையோ, விலங்கையோ, பயிரையோ தாக்கும் தொற்றும் பூச்சியும் பரவாமல் தடுப்பதும் பொதுப் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன. இத்தகைய நாள் வரும் என்று அரசியல் நிர்ணய சபை அறிந்தே வைத்திருந்தது.

நாடாளுமன்றம்தான் தன் பங்கைச் செய்யத் தயங்குகிறது. 1968 சட்டப்படி ஒரு மாநில அரசு, ஆபத்தானது என்று கருதும் மருந்தை 60 நாள்களுக்கும், நீட்டித்தால் மேலும் 30 நாள்களுக்கும் மட்டுமே தடை செய்ய முடியும். 2011-இல் கேரளம் 14 பூச்சிக்கொல்லிகளைத் தன் எல்லைக்குள் விலக்கியது. தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கில் 2022 இறுதியில் தமிழகம் 6 பூச்சிக்கொல்லிகளுக்கு விதித்த தடை 60 நாள்களுக்குத்தான். ஒரு மாநிலம் விலக்கியது பக்கத்து மாநிலத்தில் தாராளமாக விற்கப்படும் வரை, எந்தத் தடையும் பாதித் தடையே.

பழைய சட்டத்தை மாற்ற 2008-இல் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா, நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்று, 2021 டிசம்பரில் அறிக்கையும் வந்த பிறகு நகரவில்லை. 2026 ஜனவரியில் மற்றொரு வரைவு கருத்துக் கேட்புக்கு வெளியிடப்பட்டது. குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் என்று 2003-இல் குரல் எழுந்தபோது, சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைந்தது; சில மாதங்களில், 2004 பிப்ரவரியில் அறிக்கையும் அளித்தது. பதிவு பெற்ற பல மருந்துகளுக்கு எச்ச வரம்பே நிர்ணயிக்கப்படவில்லை என்ற உண்மையை அவைக்குச் சொன்னது அந்தக் குழுதான். பாட்டிலில் வரும் பானத்துக்குக் காட்டிய அவசரத்தை, அன்றாடம் இலையில் விழும் காய்கறிக்குக் காட்ட உறுப்பினர்களைத் தடுப்பது எது?

சோதனையைத் தீவிரமாக்கினால் சிறு விவசாயி நொடித்துப் போவார் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. தண்டனையை முன்னே நிறுத்தி அறிவுரையைப் பின்னே தள்ளினால் அதுதான் நடக்கும். வயலில் முதலில் மருந்துக்குப் பழகி, மூச்சுத் திணறுபவரும் அவரே. ஆகவே எச்சத்தைக் குறைப்பதில் உண்பவரின் நலனும் உழுபவரின் நலனும் வேறு வேறு அல்ல.

செய்ய வேண்டியவை எட்டாத கனிகள் அல்ல. வெள்ளாயணியும் கோவையும் இணைந்து, ஒரே முறையில், விளையும் வயலிலும் விற்கும் சந்தையிலும் மாதிரி எடுத்து ஒரே அறிக்கையாக வெளியிட வேண்டும். மண்டிகளில் மூட்டைக்கு மூட்டை விளைந்த ஊரின் பெயர் குறிக்கப்பட வேண்டும். சிறு பயிர்களுக்கான மருந்துப் பதிவையும் எச்ச வரம்பையும் நிறுவனங்களின் ஆர்வத்துக்கு விட்டுவிடாமல், வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வைக் கொண்டு அரசே முடிக்க வேண்டும். புதிய சட்டத்தில் மாநிலங்களுக்கு 60 நாள் கெடுவைத் தாண்டிய அதிகாரம் தரப்பட வேண்டும். இவற்றைப் பேசித் தீர்க்கத் தென் மண்டல கவுன்சில் என்ற மேடை 1956-ஆம் ஆண்டின் சட்டப்படியே இருக்கிறது. நதிநீருக்காக மட்டும் அது கூட வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

தமிழகமும் கேரளமும் சேர்ந்து மக்களவைக்கு அனுப்பும் உறுப்பினர்கள் 59 பேர். எண்டோசல்பானுக்காகவும் காய்கறிக்காகவும் அவர்கள் தனித்தனியாகக் குரல் எழுப்பியது போதும். 1958-இல் இரு மாநில மக்களின் உயிரைக் குடித்த நஞ்சு, யார் எந்த மொழி பேசுகிறார் என்று கேட்கவில்லை. அதைத் தடுக்கப் பிறந்த சட்டத்தைச் சீர்செய்ய வேண்டியவர்கள் மட்டும் ஏன் எல்லைக்கோட்டின் இருபுறமும் நின்று கொண்டிருக்க வேண்டும்?