ஒரு கடிதத்தில் ஏழை, மறு கடிதத்தில் பணக்காரி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் சமர் ஸ்கூலுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று வந்து நிற்கிற பிள்ளைக்கு மட்டக்களப்பில் அறிவுரைக்குக் குறைவே இல்லை. இங்கிலிஷ் கதைச்சுப் பழகு. கறித்தூள் கொண்டு போ. லண்டன் மாமாவுக்கு ஒரு கோல் எடு. ஆனால் உண்மையான ஆயத்தம் எது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரே மாதத்துக்குள் நீ ஏழை என்றும் நிரூபிக்க வேண்டும், பணக்காரி என்றும் நிரூபிக்க வேண்டும். ‘சமர்’ என்றால் எங்கட தமிழில் சண்டை. பெயர் பொருத்தமாகத்தான் விழுந்திருக்கு.

முதலில் ஏழை. உதவித்தொகை வேண்டுமென்றால் கிராம சேவகரிடம் வருமானக் கடிதம், பிரதேச செயலகத்தில் மேலொப்பம். அதோடு ஒரு கட்டுரை. ‘நீ கடந்து வந்த தடைகளை எழுது’ என்று கேட்பார்கள். எங்கட பிள்ளைகளுக்கு அது புரியும். 2004 டிசம்பர் 26 அன்று பிறந்தே இராத பிள்ளையும் சுனாமியை எழுதும். போரை எழுதும். காயம் எவ்வளவு ஆழமோ, இடம் அவ்வளவு உறுதி என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தாவரவியலில் கெட்டிக்காரி, கண்டல் காட்டைப் பற்றி இருபது பக்கம் எழுதக்கூடியவள், அதை விட்டுவிட்டு அம்மம்மாவின் அழுகையை எழுதுகிறாள்.

பிறகு பணக்காரி. அதே பிள்ளை விசாவுக்குப் போகும்போது வங்கிக் கூற்று, காணி உறுதி, அப்பாவின் தொழில் பதிவு எல்லாம் கொண்டு போக வேண்டும். வாவியில் வலை வீசுகிறவருக்கு என்ன தொழில் பதிவு? படுவான்கரையில் எத்தனையோ குடும்பங்களின் கையில் இருப்பது அரசு கொடுத்த பெர்மிட்தான், உறுதி இல்லை. உறுதி இருந்தவர்களில் பலர் அதை இடம்பெயர்விலோ கடலலையிலோ பறிகொடுத்தவர்கள். அப்போதுதான் ‘ஷோ மணி’ வருகிறது. தெரிந்த முதலாளியிடம் மூன்று வாரத்துக்குப் பணம் வாங்கிக் கணக்கில் போடுவது, வட்டி கட்டுவது, நகையை அடகு வைப்பது.

இந்த நாடகத்தை எழுதியவர்கள் பிள்ளைகள் இல்லை. அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 214(b) என்று ஒரு பிரிவு இருக்கு. தற்காலிக விசா கேட்கிற ஆள், மாறாக நிரூபிக்கும் வரை, அங்கேயே குடியேற வருகிறவர் என்றுதான் அது எடுத்துக்கொள்கிறது. நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்படும் வரை நீ நிரபராதி. விசா ஜன்னலில் தலைகீழ். அந்தப் பிரிவில் மறுத்தால் மேன்முறையீடும் இல்லை. ஆனால் சுமார் 40 நாடுகளின் கடவுச்சீட்டுக்காரர் இந்த ஜன்னலைப் பார்க்காமலே 90 நாள் சுற்றுலா போய் வரலாம். கேள்வி நீ யார் என்பது பற்றியதே இல்லை, உன் கையில் இருக்கிற புத்தகம் பற்றியது.

மண்டூர்ப் பிள்ளை ஒன்றை எடுங்கள். பாதையில் ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளி, அங்கிருந்து பஸ்ஸில் மட்டக்களப்பு, பிறகு கொழும்புக்கு இரவு பஸ். விடிய முகம் கழுவி, ஜன்னல் முன் சில நிமிடம். ‘நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன ஆதாரம்?’ அவளுடைய பதில் அந்தப் படிவத்தில் இல்லை. மட்டக்களப்பில் குடி தாய்வழி. தாய் இருக்கிற வீடு மகளுக்கென்று வளர்கிற வீடு. அதைவிட இறுக்கமான கயிறு எது? ஆனால் ‘குடி’ என்று எழுத ஒரு கட்டமும் இல்லை. அம்மாவின் மனதில் உள்ள வீட்டுக்கு இன்னும் உறுதி எழுதப்படவும் இல்லை.

இந்தக் கேள்வியை நாங்கள் யாரிடமாவது கேட்டோமா? 1814இல் மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் இங்கே வந்தார். வங்கிக் கூற்றுக் கேட்கவில்லை. அடுத்த வருடமே இந்த மண்ணில் செத்துப் போனார். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து இயேசு சபைக் குருமார் வந்தார்கள். அவர்களில் ஒருவரான வெபரின் பெயரில்தான் நாங்கள் விளையாடுகிற மைதானம் இருக்கிறது. பென் மில்லர் அடிகளார் 1948இல் வந்தவர். காணாமல் போனவர்களின் தாய்மாருக்காக நின்று, 2019இல் இங்கேயே கண்ணை மூடினார். திரும்பிப் போகாத அமெரிக்கர் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. ‘எங்கட பாதர்’ என்றுதான் சொன்னோம்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கு. 2025 ஜூனிலிருந்து மாணவர், பரிமாற்ற விசாக் கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்துவைக்க வேண்டும் என்கிறது அமெரிக்கா. மற்ற ஊரில் இது சங்கடம். இங்கே இது பயம். 2021 மே மாதம் கிரானில் நினைவேந்தலுக்காகப் பத்துப் பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைக்குப் பூட்டிய பக்கம்தான் கொஞ்சம் மூச்சு விடுகிற இடம். சுதந்திரத்தைப் பற்றி எட்டு வாரம் படிக்கப் போவதற்கு முதலில் வாயை மூடப் பழக வேண்டுமாம்.

‘போன எங்கட ஆட்கள் திரும்பி வராமல் விட்டதால்தானே இப்படிக் கேட்கிறான்?’ என்று நீங்கள் கேட்கலாம். சரி, பலர் வரவில்லை. சும்மா போகவில்லை, உயிருக்குப் பயந்து போனார்கள். அந்தக் கணக்கை 2005இல் பிறந்தவளிடம் ஏன் தீர்க்க வேண்டும்? இன்னொரு பக்கம், எங்கட வீட்டு ஆட்களே ‘போனா அப்படியே நிண்டுடு புள்ள’ என்கிறார்கள். தூதரகத்தின் சந்தேகத்துக்கும் இந்த ஆசைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே அவள் படிக்கப் போகிறாள் என்பதை நம்பவில்லை.

அதனால் சில விஷயங்களைச் சத்தமாகக் கேட்போம். அழைக்கிற நிறுவனங்களே, ‘பில்லைக் கொண்டு வா, பிறகு தருகிறோம்’ என்பது பணம் உள்ளவனுக்கான உதவி. விசாச் செலவை முன்கூட்டித் தாருங்கள். கட்டுரையில் காயத்தைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். எங்கட பல்கலைக்கழகங்களே, பாதியில் நிற்கிற பட்டத்தைவிடப் பெரிய திரும்பி வரும் காரணம் ஒரு மாணவிக்கு இல்லை. அந்தக் கடிதத்தை ஒரு வாரத்துக்குள் கொடுங்கள். அவள் அங்கே படித்ததைப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போகிற தங்கச்சி, தம்பிமாரே, உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஷெங்கன் விசா விதிக்கோவையின் 16ஆவது உறுப்புரையின்படி படிப்புக்காகப் போகும் மாணவருக்கு விசாக் கட்டணம் கிடையாது, விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனி. மறுத்தால் காரணம் எழுதித் தர வேண்டும், மேன்முறையீடும் உண்டு. அமெரிக்க அரசே நடத்தும் பரிமாற்றத் திட்டங்களுக்கும் விசாக் கட்டணம் இல்லை. ஏஜென்சிக்காரர் இதையெல்லாம் சொல்லமாட்டார். ஷோ மணியை மட்டும் தொடாதீர்கள். பொய் சொல்லி விசா கேட்டதாக ஒருமுறை எழுதிவிட்டால், அமெரிக்காவில் அது வாழ்நாள் தடையாகலாம்.

மறுக்கப்பட்டு வந்தவளை ‘பெயிலாப் போயிட்டாள்’ என்று சொல்லுகிற பழக்கத்தையும் நிறுத்துவோம். அவள் எந்தப் பரீட்சையிலும் தோற்கவில்லை. படிப்புக்கான பரீட்சையில் பாஸ் பண்ணித்தானே அந்த ஜன்னல் வரைக்கும் போனாள்.