உருளும் மனையும் பணிக்கொடையும்

வெள்ளவத்தையில், காலி வீதியினின்று கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், மதிலோரமாக வெண்ணிற வான் ஒன்று ஈராண்டாக நிற்கின்றது. மாலை ஐந்து மணியளவில் என் மூத்த நண்பர் ஒருவர் அதன் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே ஏறி அமர்ந்து, அன்றைய செய்தித்தாளை முதற் பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம்வரை படிப்பார். பொழுது சாய்ந்ததும் கதவைப் பூட்டிவிட்டு வீடு திரும்புவார். முப்பத்தைந்து ஆண்டு கணிதம் கற்பித்தவர் அவர். அவருடைய பணிக்கொடையின் பெரும் பகுதி அந்த வானுக்குள் அடங்கியிருக்கின்றது. வானோ ஓடாது.

அவரை எள்ளுதற்காக இதனை எழுதுகின்றேன் அல்லேன். இன்னும் மூன்றாண்டிலே யானும் அறுபதை எட்டி அரச பணியினின்று ஓய்வு பெறப்போகின்றவன். அவர் கொண்ட ஆசை என் நெஞ்சிலும் உண்டு. பழைய வான் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் சிறிய அடுப்பும் அமைத்து, இல்லாளுடன் நாட்டைச் சுற்றிவருதலே அவ்வாசை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓய்வூதியம் பெறுவோர் சிலர் இப்பேச்சை எடுக்கக் கேட்டிருக்கின்றேன். மேல்நாட்டாரைப் பார்த்துப் பிறந்த ஆசை என்று இதனை இகழ்வாரும் உளர். யான் அவ்வாறு எண்ணவில்லை. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். ஊரிலிருந்த வீடு போரில் இடிந்தது, அல்லது விலைப்பட்டது. மாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் முதியோர் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கின்றனர். எம் தலைமுறையினர் நடமாட வேண்டிய வயதிலே வடக்கு நோக்கிய பாதை அடைபட்டுக் கிடந்தது. கிளாலிக் கடனீரேரியை இரவிலே தோணியில் கடந்தவர் எம்முள் எத்தனை பேர்! கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை 2002 ஏப்ரலில் திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் அடைபட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. அந்தச் சாலையிலே நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்த மரநிழலில் தேநீர் அருந்திச் செல்லவேண்டும் என ஒருவர் விழைவாராயின், அதனை ஆடம்பரம் என்று கூற என் நா எழாது.

இவ்வூர்தியை ஆங்கிலத்தில் ‘மோட்டார் ஹோம்’ என்பர். ‘இல்லூர்தி’ என்று எழுத என் கை துடிக்கின்றது. ஆயின் கொட்டாஞ்சேனைக் கராஜில் அச்சொல்லைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. தமிழ்நாட்டிலே ‘கேரவன்’ என்றால் திரைப்பட நடிகர் இளைப்பாறும் வண்டி என்றே மக்கள் கருதுவர். நிசான் நிறுவனமோ தான் செய்யும் வான் ஒன்றுக்கே ‘கரவன்’ எனப் பெயர் சூட்டியிருக்கின்றது; பெயர் கண்டு மயங்கற்க, அது இருக்கை வைத்த வானே. ஆகவே யானும் வான் என்றே எழுதுகின்றேன்.

பொருள் எமக்குப் புதியதன்று. ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்தார் வோல்க்ஸ்வாகன் வானுக்குள் படுக்கையும் அலுமாரியும் பொருத்தத் தொடங்கியது 1951இல். எம் பாட்டனார் அதற்கு முன்னரே கூடார வண்டிலில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வல்லிபுரத்துக்கும் செல்வச் சந்நிதிக்கும் போய், வண்டிலின் கீழ்ப் பாய் விரித்து உறங்கி, கல் மூட்டிச் சமைத்து உண்டு மீண்டவர். இன்னும் பின்னே சென்றால் சங்க காலத்து உப்பு வாணிகராகிய உமணரைக் காணலாம். பெரும்பாணாற்றுப்படை காட்டும் அவர்தம் வண்டியில் கோழிக்கூடு உண்டு, உரல் தொங்கும், காடிக் கலம் இருக்கும், குழந்தையை உடைய தாய் எருதை ஓட்டிச் செல்வாள். வீடே உருண்டு போயிற்று என்க. புறநானூற்றிலே ஔவையார் அவ்வுமணர் வண்டியில் மற்றொன்றைக் கண்டார். மேடும் பள்ளமும் எப்படி அமையுமோ என அஞ்சி, வண்டியின் அடியிலே சேம அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருப்பராம். வகுப்பிலே பலமுறை இதனைக் கற்பித்திருக்கின்றேன். அப்பொழுதெல்லாம் அது உவமை என்ற அளவில் நின்றது. நண்பரின் வானைக் கண்ட பின்னரே அது வண்டி வாங்குவோர்க்கும் உரிய பாட்டு என்பது உறைத்தது. கோழிக்கூட்டைப் பார்ப்பவர் பலர். அச்சைக் குனிந்து பார்ப்பவர் சிலர்.

நண்பர் செய்ததும் அதுவே. நகருக்குப் புறத்தே வாகனம் விற்கும் ஒருவரிடம் அந்த வானைக் கண்டார். உள்ளே மடித்து விரிக்கும் கட்டில், கைகழுவும் தொட்டி, சிறிய குளிர்ப்பெட்டி, சாளரங்களுக்குப் பூப்போட்ட திரை. கணவனும் மனைவியும் கட்டிலில் அமர்ந்து பார்த்தார்கள்; அலுமாரிகளைத் திறந்து மூடினார்கள்; இதில் சீனி வைக்கலாம், இதில் தேயிலை வைக்கலாம் எனப் பேசிக்கொண்டார்கள். விலை அங்கேயே முடிந்துவிட்டது. முதற் பயணம் திருக்கேதீச்சரத்துக்கு. புத்தளம் கடந்து அநுராதபுரம் நோக்கிச் செல்லும் வழியில், பின்பக்க வில்தகட்டைத் தாங்கும் கொளுவி, துருப்பிடித்த அடிச்சட்டத்தினின்று பிய்ந்து வீழ்ந்தது. தூக்கிப் பார்த்தபோது சட்டமெங்கும் தகட்டுத் துண்டுகளை வைத்து ஒட்டி, மேலே தடிப்பாகக் கறுப்பு மை பூசியிருந்தார்கள்.

அதனினும் பெரிய இடி பின்னர் வந்தது. பதிவுச் சான்றிதழில் உரிமையாளராக இருந்தவர் விற்றவர் அல்லர். மூன்றாம் ஆள் ஒருவர். முழு உரிமையாளராகக் குறிக்கப்பட்டிருந்ததோ கடன் கொடுத்த ஒரு நிதி நிறுவனம். தவணைப்பணம் செலுத்தப்படாமலே கிடந்தது. ‘ஓப்பின் பேப்பர்’ என்று வழங்கும் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களை நம்பி நண்பர் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்திருக்கின்றார். பிறர் உடைமையாகக் கிடக்கும் வண்டியைச் செப்பனிட மேலும் பணம் போட அவருக்கு மனம் ஒப்பவில்லை. நிறுவனம் இன்னும் வந்து இழுத்துச் செல்லவில்லை.

நிற்க. இத்தகைய இடர் இக்காலத்தில் மிகுந்தமைக்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் புதியது வாராமையால் பழையது பொன்னாயிற்று. வாங்கிய விலையினும் கூடிய விலைக்குப் பழைய வான் விற்ற விந்தையைக் கண்டோம். விலையேறிய பொருளிலே ஒட்டு வேலையும் ஏறுமன்றோ? 2022இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்காகக் கிடந்து வானுக்குள்ளேயே உறங்கியவரும் உளர். எம் நாட்டில் வான் மெய்யாகவே மனையாக இருந்த காலம் அதுதான்.

ஆகவே யான் சொல்வது இது: படுக்கையையும் அடுப்பையும் பாராதீர். அவற்றை எந்தத் தச்சனும் ஒரு வாரத்தில் செய்து தருவான். நல்ல அடிச்சட்டத்தை அவன் செய்து தர இயலாது. வானைக் குழியின் மேலோ தூக்கியின் மேலோ ஏற்றி, விற்பவருக்கு அறிமுகம் இல்லாத மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் சென்று, அடியிலிருந்து பார்க்கத் தொடங்குக. கடலோரத்தில் ஆண்டுக்கணக்காக நின்ற வண்டி எமக்குப் பெரும் பகை. வெள்ளவத்தையின் உப்புக் காற்று எம் சாளரக் கம்பியையே தின்பதை அறிவோம், வான் எம்மாத்திரம்? அடியிலே புதுக் கறுப்பு மை பளபளக்குமாயின், மகிழாமல் ஐயுறுக. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை உடலெங்கும் ஓட்டிப் பார்ப்பது ஓர் உபாயம். இரும்பைக் காந்தம் பற்றும். பட்டி பூசிய இடத்தைப் பற்றாது. 2016 மே மாதத்திலும் 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் களனி கங்கை பெருகியதை மறத்தலாகாது. நீரில் மூழ்கிய வண்டியின் கம்பளத்தை உலர்த்திவிடுவார்கள். இருக்கைப் பட்டியை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அதன் அடிநுனியில் சேறு கதை சொல்லும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் செல்க. நாம் வருமுன்னரே அதனைச் சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். தொடக்கும்போது புகை நீலமாக வந்து நீடித்தால் எண்ணெய் எரிகின்றது. கறுப்பு நீடித்தால் எரிபொருள் முறையாக எரியவில்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை யான் நம்புவதில்லை. எண்ணைக் குறைத்துவிடலாம், கால் மிதித்துத் தேய்ந்த பெடல் இறப்பரைக் குறைக்க முடியாது. குறைய ஓடியது என்பதும் எப்போதும் நன்மையன்று. பல்லாண்டு நின்ற வண்டியிலே குழாய்களும் டயரும் வெடித்துவிடும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கணித ஆசிரியராகிய நண்பர் இதனை அறிந்திருந்தால் எவ்வளவு உவந்திருப்பார்!

பத்திரம் பற்றி நெடிது கூற வேண்டியதில்லை. சான்றிதழில் உள்ள சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்புநோக்குக. ஏட்டுச் சுவடியைப் பரிசோதிப்பார்போல. பதிவு எண்ணைக் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமையாளர் விவரத்தைப் பெறலாம். அதனைக் காணாமுன் ஒரு ரூபாவும் முற்பணமாகக் கொடுக்கற்க. வானின் அமைப்பை மாற்றியிருந்தால் அதற்குத் திணைக்களத்தின் அனுமதி உண்டா என்பதையும் கேட்டறிக.

உள்ளே வேண்டுவன பற்றி மட்டும் ஒரு சொல். குளிர்நாட்டாருக்கென அமைத்த மூடிய வண்டி எமக்கு உதவாது. வளியோட்டமும் நுளம்பு வலையுமே எமக்கு இன்றியமையாதன. எஞ்சினை ஓடவிட்டுக் குளிரூட்டியோடு கதவடைத்து உறங்குதல் உயிருக்கு ஆபத்து; காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தனியாக ஒரு மின்கலம் வைத்தால் போதும். 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி கொண்ட மின்கலத்தின் பாதியைச் செலவிட்டால் 600 வாட்-மணி கிடைக்கும். 25 வாட் விசிறி எட்டு மணிநேரம் சுழல 200 போதும். குளிர்ப்பெட்டி எதற்கு? சந்நிதியில் அன்னதான மடங்கள் உள்ளன. வழியெங்கும் உறவினர் வீட்டுக் கிணறுகள் உள்ளன. அவர்கள் வீட்டில் உண்ணாமல் வானுக்குள் சமைத்து உண்டால் வரும் மனத்தாங்கலை எந்த மெக்கானிக்கும் திருத்த முடியாது.

இன்னொன்று சேம அச்சு. பணிக்கொடையிற் பாதிக்கு மேல் வண்டிக்குப் போடலாகாது என்பது யான் எனக்கு விதித்துக்கொண்ட வரம்பு. வாங்கிய முதலாண்டிலேயே பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைய நேரும். எஞ்சியது அதற்கும் மருந்துக்கும்.

சென்ற சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு ஹையேஸ் வானைப் பார்க்கச் சென்றோம். உடன் வந்த பாஸ் அடியிலே படுத்து எழுந்து, “சட்டம் நல்லாத்தான் இருக்கு ஐயா” என்றார். பத்திரமும் விற்பவர் பெயரிலேயே இருந்தது. என் இல்லாள் பக்கப் படியில் கால் வைத்தாள்; முழங்கால் நோவினால் ஏற இயலவில்லை. கைப்பிடியைப் பற்றி இருமுறை முயன்றுவிட்டு, “இதுக்குக் கீழே ஒரு படிப்பலகை பூட்ட எவ்வளவு முடியும்?” என்று பாஸைக் கேட்டாள். அவர் சொன்ன தொகை சிறிது. விற்பவர் சொன்ன விலைதான் என் வரம்பைத் தாண்டிற்று. அவர் இறங்கி வரவில்லை, யானும் ஏறவில்லை.

வரும் சனிக்கிழமை வேறொன்றைப் பார்க்கப் போகின்றோம். நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். “பண்டிதர், நீங்கள் பத்திரத்தைப் பாருங்கோ, அடிப்பக்கத்தை நான் பார்க்கிறேன்” என்றார். டோர்ச் விளக்கை அவரே கொண்டுவருவாராம்.