பேக்கப் இருக்கு, திறக்கும் வழி எங்கே? திருப்பூர் கம்பெனிகள் மறந்துவிடும் ‘சாவி’

திருப்பூரில் பல பனியன் கம்பெனி அலுவலகங்களில் இப்படி ஒரு டிராயர் இருக்கும். உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் இரண்டு, நாலைந்து பென் டிரைவ், மார்க்கரில் ‘2018 பேக்கப்’ என்று எழுதிய ஒரு டிவிடி. வருஷக்கணக்கில் யாரும் அதைத் தொடுவதில்லை. பழைய பையர் ரிப்பீட் ஆர்டர் கேட்கும் நாளிலோ, ஜிஎஸ்டி நோட்டீஸ் வரும் நாளிலோதான் அந்த டிராயர் திறக்கப்படுகிறது.

டிஸ்க்கை மாட்டினால் சுற்றுகிறது. ஃபைல்களும் வரிசையாகத் தெரிகின்றன. ஆனால் ஒன்றும் திறக்காது. எந்த மென்பொருளில் எடுத்த பேக்கப், என்ன பாஸ்வேர்டு, எந்த ஃபைலுக்கு அடுத்து எது என்பதெல்லாம் வேலையை விட்டுப் போன சிஸ்டம் அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். “டேட்டா எல்லாம் இருக்குங்க, ஓப்பன்தான் ஆக மாட்டேங்குது” என்ற வாக்கியம் அப்போதுதான் பிறக்கிறது.

கன்ஃபிகரேஷன் என்பது எது?

கட்டிங் செக்‌ஷனை நினைத்துக்கொண்டால் போதும். வெட்டிய துணி பண்டில் பண்டிலாகக் கட்டப்படும். ஒவ்வொன்றிலும் சைஸ், லாட், வரிசை எண் எழுதிய சீட்டு இருக்கும். அந்தச் சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் துணி ஒரு இன்ச்கூடக் குறையாது. ஆனால் எந்தக் கை எந்த உடம்போடு சேர வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. மாற்றித் தைத்தால் ஷேடு அடித்துவிடும்.

பேக்கப்பும் அப்படித்தான். இன்றைய பேக்கப் மென்பொருள்கள் பெரும்பாலும் ஃபைலை அப்படியே நகல் எடுப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டி, சுருக்கி, பூட்டி வைக்கின்றன. முதல் நாள் முழு நகல், அடுத்த நாள்களில் மாறியது மட்டும். எந்தத் துண்டு எந்த ஃபைலுடையது என்று சொல்லும் அட்டவணை, பூட்டைத் திறக்கும் பாஸ்வேர்டு, மென்பொருளின் பதிப்பு, டிஸ்க்குகள் மாட்டப்பட்ட வரிசை எல்லாம் சேர்ந்ததுதான் கன்ஃபிகரேஷன். சரக்கு பத்திரமாக இருந்தும் சீட்டு தொலைந்த கதை இது.

இந்த ஊரின் சொந்த உதாரணங்கள்

எம்ப்ராய்டரி மெஷினுக்குப் போகும் டிஎஸ்டி ஃபைலில் ஊசி எங்கே குத்த வேண்டும், எந்த இடத்தில் நூல் மாற வேண்டும் என்ற தகவல் இருக்கும். எந்த நிற நூல் என்பது இருக்காது. டிசைன் ஃபைலை மீட்டுவிடலாம். கலர் கார்டு போய்விட்டால் பையர் ஒப்புக்கொண்ட நிறம் எதுவென்று அந்த ஃபைல் சொல்லாது.

பேட்டர்னும் இதே கதைதான். ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் டிஎக்ஸ்எஃப் ஃபைலோடு ‘ரூல்’ ஃபைல் ஒன்று தனியாக வரும். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று கிரேடிங் செய்யும் விதிகள் அதில்தான் இருக்கின்றன. அது தொலைந்தால் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு பேஸ் சைஸ்.

கணக்குப் பக்கம் வந்தால், டேலி வால்ட் போட்டுப் பூட்டிய கம்பெனியின் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் அதை மீட்டுத் தர வழியில்லை. பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டுக்குச் சொந்தக்காரர் என்றும் திருடர் என்றும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

தமிழ் படிப்பவர்களுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, டேப், டேம், டிஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்தார்கள். அந்தக் காலத்து ஃபைலை இன்று திறந்தால் கந்தரகோளமான எழுத்துகள்தான் தெரியும். ஃபைல் கெடவில்லை, எந்தக் குறியீடு என்ற தகவல் மட்டும் போய்விட்டது. அது தெரிந்துவிட்டால் எழுத்து மாற்றி ஒன்றில் போட்டு எடுத்துவிடலாம்.

பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது

சிறிய கம்பெனிகளின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்க முடியாது. 2017 ஜனவரி 31 அன்று, உலகெங்கும் மென்பொருளாளர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அது ஒழுங்காக எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எச்சரிக்கை மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

நாசாவின் கதை இன்னும் நீளம். 1966, 1967ஆம் ஆண்டுகளில் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் எடுத்த நிலவுப் படங்கள் காந்த நாடாக்களில் இருந்தன. நாடா பத்திரம், அதை ஓட்டும் ஆம்பெக்ஸ் இயந்திரங்கள்தான் வழக்கொழிந்துவிட்டன. பழைய இயந்திரங்களைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, படத்தைப் பிரித்தெடுக்கும் முறையை மறுபடி உருவாக்கி, 2008இல்தான் முதல் படத்தை மீட்டார்கள். அந்த வேலை நடந்தது, மூடிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள்.

சட்டம் கேட்பது நகலை மட்டும் அல்ல

ஜிஎஸ்டி சட்டத்தின் 36வது பிரிவுப்படி, ஓராண்டின் கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு நடந்தால், அது முடிந்து ஓராண்டு வரை அல்லது அந்த 72 மாதங்கள், இதில் எது பிந்தியதோ அதுவரை.

அதைவிட முக்கியமானது 57வது விதி. மின்னணு ஆவணங்களுக்கு முறையான பேக்கப் வேண்டும், விபத்தில் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்க முடிய வேண்டும் என்கிறது அது. அதிகாரி கேட்டால் ஃபைல் விவரங்கள், பாஸ்வேர்டுகள், தேவையானால் பயன்படுத்திய குறியீடுகளின் விளக்கம் ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும். ‘டிஸ்க் இருக்குங்க’ என்ற பதில் இதற்குப் போதாது. கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள் 8 நிதியாண்டுக் கணக்குகளைக் காக்க வேண்டும். 2022இல் வந்த திருத்தத்தின்படி பேக்கப்பைத் தினமும் எடுக்க வேண்டும்.

இதில் தொழிலாளிக்கு என்ன?

முதலாளிக்கு அபராதம், ஆர்டர் இழப்பு. தொழிலாளிக்குப் போவது அதைவிடப் பெரிது. யுஏஎன் எண் 2014இல்தான் வந்தது. அதற்கு முன் கம்பெனி மாறும்போதெல்லாம் புதிய பிஎஃப் எண். சீசனுக்குச் சீசன் கம்பெனி மாறும் ஊரில், ஒரே டெய்லருக்கு மூன்று நான்கு எண்கள் இருப்பது சாதாரணம். மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டு சேவை வேண்டும். 2009இல் சேர்ந்த தேதியோ, பெயரின் இனிஷியலோ, பிறந்த தேதியோ பொருந்தாமல் போனால், பழைய கம்பெனியின் பதிவேட்டைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பதிவேடு திறக்காத ஒரு பேக்கப்புக்குள் கிடந்தால், ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து கழித்த வருடங்களை நிரூபிக்க அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

மீட்க வேண்டிய நிலை வந்துவிட்டால்

முதல் விதி, அசலைத் தொடக்கூடாது. டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கணினி கேட்டால் ‘வேண்டாம்’. முழு டிஸ்க்கையும் இன்னொன்றில் நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும். டிஸ்க்கில் ‘டக் டக்’ சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டேட்டா ரெக்கவரி நிபுணரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்து, எந்த மென்பொருள் என்று கண்டுபிடிப்பது. ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகள் ஒரு துப்பு. பெயரை யாராவது மாற்றியிருந்தாலும் ஃபைலின் முதல் சில பைட்டுகள் காட்டிக்கொடுக்கும். ஜிப் ஃபைல் ‘பி, கே’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். ரார், செவன் ஜிப் ஆகியவற்றுக்கும் தனித்தனி முத்திரை உண்டு. 001, 002 என்று எண்ணிட்ட துண்டுகளை ஒரே ஃபோல்டரில் வைத்து முதல் துண்டில் இருந்து திறக்க வேண்டும். நடுவில் ஒன்று குறைந்தாலும் சிக்கல்தான்.

மூன்றாவது, பழைய பதிப்பை அதே நிலையில் நிறுவிப் பார்ப்பது. அட்டவணை மட்டும் தொலைந்திருந்தால் நம்பிக்கை உண்டு. டூப்ளிகாட்டி போன்ற மென்பொருள்கள், கணினியில் இருந்த தரவுத்தளம் அழிந்தாலும் பேக்கப் ஃபைல்களையே படித்து அதை மறுபடி உருவாக்கிக்கொள்ளும். பாஸ்வேர்டே போய்விட்டால் நிலைமை வேறு. முறையாகப் பூட்டிய பேக்கப்பை ‘கிராக்’ செய்து தருவதாகச் சொல்பவரிடம் பணம் கட்டும் முன் பழைய டைரி, பழைய மின்னஞ்சல், வேலையை விட்டுப் போனவரின் போன் நம்பர் ஆகியவற்றைத் தேடுவது மேல். பிட்லாக்கர் பூட்டு என்றால் அதன் 48 இலக்க மீட்பு எண், கணினியில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம்.

செல்போனுக்கும் இதே கணக்குதான். வாட்ஸ்ஆப் பேக்கப்பை என்க்ரிப்ஷன் போட்டுப் பூட்டி, பாஸ்வேர்டையோ 64 இலக்கச் சாவியையோ தொலைத்துவிட்டால், வாட்ஸ்ஆப்பாலும் உதவ முடியாது.

ஒரு தாள் போதும்

இதற்கான தீர்வு விலை உயர்ந்த சர்வர் அல்ல. ஒரு ஏ4 தாள். மென்பொருளின் பெயர், பதிப்பு, பேக்கப் இருக்கும் இடம், துண்டுகளின் வரிசை, திறக்கும் முறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டை மூடிய உறையில் தனியாக வைத்து, முதலாளியும் ஆடிட்டரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். பேக்கப் இருக்கும் அதே கணினியில் சாவியையும் வைப்பது, பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது போல.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பழைய பில் ஒன்றையோ பேட்டர்ன் ஒன்றையோ வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். ஷிப்மென்ட்டுக்கு முன் இன்ஸ்பெக்‌ஷன் இல்லாமல் ஒரு கார்ட்டனையும் அனுப்பாத ஊர் இது. பேக்கப்புக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு? ஆள் மாறும்போது கணக்கு முடிப்பதைப் போலவே சாவி ஒப்படைப்பும் கையெழுத்தோடு நடக்க வேண்டும். தொழில் அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களுக்கு இதற்கென ஒரு மாதிரிப் படிவத்தைத் தயாரித்துக் கொடுத்தால் சிறிய ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் பின்பற்ற முடியும்.

ஒரு முறையாவது திறந்து பார்க்காத வரை அது பேக்கப் அல்ல, டிராயரில் கிடக்கும் ஒரு டிஸ்க் மட்டும்தான். சிஸ்டம் அட்மின் இன்னும் வேலையில் இருக்கும்போதே அந்த டிராயரைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.