குடோனுக்குள்ளே ஒரு கிடங்கு!

எங்க ஊர் வெள்ளகோவிலில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது காதில் விழுகிற சொல், குடோன். நூல் குடோன், எண்ணெய் குடோன், தேங்காய் குடோன். முருங்கைக்காய் வரத்து அதிகமானால் அதற்கும் ஒரு குடோன். இது இங்கிலீஷ் வார்த்தை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் எழுதினால் அடித்துவிட்டு, மேலே 'கிடங்கு' என்று சிவப்பு மையில் எழுதித் தருவார்கள்.

அகராதிகளைப் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது. தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி. நம்ம பக்கத்து வியாபாரிகளோடு கப்பலேறிய இந்தச் சொல், மலாய் மொழியில் 'குடாங்' ஆகிவிட்டது. அதை அங்கே வியாபாரத்துக்கு வந்த ஐரோப்பியர்கள் பிடித்துக்கொண்டார்கள். இங்கிலீஷில் அது 'கோடவுன்' ஆகி, வெள்ளைக்காரர்களோடு திரும்பவும் நம்ம ஊருக்கே வந்து 'குடோன்' ஆனது. பெரும்பாலான அகராதிகள் காட்டுகிற வழி இதுதான். அப்பன் பேரு தெரியாமல் பிள்ளை ஊர் திரும்பின மாதிரி, கிடங்கும் குடோனும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாமல் முழிக்கின்றன.

எனக்கு இந்த மாதிரி விஷயங்கள் என்றால் சோறு தண்ணி வேண்டாம். மூன்றாம் வகுப்பிலேயே ரூபாய் நோட்டைத் திருப்பி வைத்து, பின்பக்கம் இருக்கிற 15 மொழி எழுத்துகளையும் பார்த்துப் பார்த்து எழுதுவேன். (தமிழ் கீழிருந்து மூன்றாவது வரி. இப்பவே எடுத்துப் பாருங்க!) இப்போது வேலை டிஜிட்டல் டெஸ்க்கில். காலை ஆறு மணி ஷிஃப்ட், பாதி நாள் வீட்டிலிருந்தே. பின்பக்கத்துத் தறிச்சத்தம் மீட்டிங்கில் கேட்டுவிடக் கூடாது என்று மைக்கை மூடி மூடித் திறப்பதே ஒரு வேலை. மத்தியானம் ஆத்தாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே போனில் மலாய் படிப்பேன். "அது படிச்சா என்ன கண்ணு சம்பளம் சேத்துக் குடுப்பாங்களா?" என்று ஆத்தா கேட்கும். குடுக்க மாட்டாங்க ஆத்தா.

இரண்டு வருஷமாகச் சேர்த்த சிலுவாட்டுக் காசை எடுத்துக்கொண்டு, போன மாதம் மூன்று நாள் சிங்கப்பூர் போய் வந்தேன். கோவையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. பெரியப்பா மகன், அதாவது எங்க அண்ணன், அங்கே பத்து வருஷமாக வேலையில் இருப்பதால் தங்கும் செலவும் இல்லை. மரினா பே, மெர்லயன் சிலை எல்லாம் போட்டோவில் எல்லோரும் பார்த்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். நான் போனது போர்டு படிக்க!

அந்த நாட்டின் அதிகாரபூர்வ மொழிகள் நான்கு. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம். இந்திய வம்சாவளியினர் அங்கே நூற்றுக்கு ஒன்பது பேர்தான். அதிலும் தமிழர்கள் ஒரு பகுதி. ஆனாலும் கையில் விழுகிற சில்லறைக் காசில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கிறது. முதல் நாள் தண்ணீர் பாட்டில் வாங்கி, மீதி வந்த காசை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கள்ளக்காசு என்று சந்தேகப்படுகிறேன் என்று கடைக்காரர் நினைத்திருப்பார்.

அங்குள்ள தமிழுக்கு என்றே தனி வாசம் உண்டு. டாலரை 'வெள்ளி' என்கிறார்கள். மெட்ரோவுக்குப் பெயர் 'பெருவிரைவு ரயில்'. அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீடு 'வீவக வீடு', வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் சுருக்கம். வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற இடம் 'உணவங்காடி நிலையம்'. நம்ம ஊரில் இப்படி எழுதினால் 'மேடைப் பேச்சா?' என்று கேலி செய்வார்கள். அங்கே செய்தித்தாளில் தினமும் வருவதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரிவதில்லை. கோ.சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய 'தமிழ் முரசு' இன்னும் நாளிதழாக வந்துகொண்டிருக்கிறது.

இரண்டாம் நாள் முழுக்க சிராங்கூன் சாலை, தேக்கா. 'தேக்கா'வைத் தமிழ்ச் சொல் என்றே பல பேர் நினைப்பார்கள். அது சீனத்தின் ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்தது, மூங்கில் அடிவாரம் என்று பொருள். அதே இடத்துக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் 'கண்டாங் கெர்பாவ்'. கண்டாங் என்றால் பட்டி, கெர்பாவ் என்றால் எருமை. எருமைப்பட்டி! ஒரு காலத்தில் அங்கே மாட்டு வியாபாரம்தான் பெரிய தொழில், அதில் தமிழர்கள் நிறையப் பேர். இன்றும் தேக்கா சந்தைக்குப் பக்கத்துத் தெருவின் பெயர் பஃபல்லோ ரோடு. காங்கேயத்து மாட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, விமானம் ஏறிப் போயும் பட்டியில்தான் கொண்டுபோய் நிறுத்தியது விதி.

தேக்கா உணவங்காடியில் 'தே தாரிக்' குடித்தேன். தாரிக் என்றால் இழுப்பது; நம்ம டீ மாஸ்டர் கையைத் தூக்கி ஆற்றுகிற அதே டீதான். அந்த 'தே', ஹொக்கியன் சொல். நம்ம தேயிலையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறதே, அதே 'தே'. மலாய்ப் போர்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே நடந்தால் சொந்தக்காரர்களாக எதிரே வந்தார்கள். கடை அங்கே 'கெடாய்'. கப்பல் 'கப்பால்'. பெட்டி 'பெத்தி'. கட்டில் 'காத்தில்'. மணமக்கள் 'மெம்பெலாய்', மாப்பிள்ளைதான் கொஞ்சம் உருமாறியிருக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது 'மோடால்'. தொழிலுக்குப் போடுகிற முதல். 'முதல் போட்டு நாலு தறி வாங்கோணும்' என்று அப்பா சொல்கிற அந்த முதல், அங்கே வங்கி விளம்பரத்தில் இருக்கிறது.

இதெல்லாம் ஜாலியான பகுதி. அண்ணன் வீட்டில்தான் மனசு கொஞ்சம் கனத்தது.

அண்ணன் மகள் தொடக்கநிலை மூன்று படிக்கிறாள். பள்ளியில் தமிழ் கட்டாயப் பாடம், மதிப்பெண்ணும் நன்றாகத்தான் வாங்குகிறாள். ஆனால் வீட்டில் நாம் தமிழில் கேட்டால் பதில் இங்கிலீஷில் வருகிறது. நங்கையா சாப்பிடக் கூப்பிடுவது தமிழ், மகள் 'அஞ்சு நிமிஷம்' என்பது இங்கிலீஷ். (அண்ணியை எங்க பக்கம் நங்கையா என்போம். இதை ஆபீசில் சொன்னால், யாரு நயன்தாராவா என்று கேட்கிறார்கள்.) இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2010 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 3.3 சதவிகிதம். 2020-ல் 2.5. சீனமும் மலாயும்கூட வீடுகளில் குறைந்திருக்கின்றன. ஏறியது ஆங்கிலம் மட்டும், 32-லிருந்து 48 சதவிகிதத்துக்கு. காசில் எழுதிவிடலாம், சட்டத்தில் எழுதிவிடலாம். எட்டு வயதுக் குழந்தையின் வாயில் எழுத எந்த அரசாங்கத்தாலும் முடியவில்லை. அதற்காக அந்த அரசைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. ஏப்ரலில் தமிழ் மொழி விழா நடத்துகிறார்கள், நூலகங்களில் தமிழ்ப் புத்தகம் வாங்கி அடுக்குகிறார்கள், பாடத்திட்டத்தில் பேச்சுத் தமிழுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன செய்வது?

அவளிடம் ஆத்தா வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "பொடக்காளில கோழி இருக்கும்" என்றேன்.

"பொடக்காளின்னா என்ன அத்தை?"

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடம் என்றேன். அவள் பன்னிரண்டாவது மாடி ஜன்னல் வழியே பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்தால், வெள்ளகோவிலிலேயே இப்போது பொடக்காளி எத்தனை வீட்டில் இருக்கிறது? பின்பக்கம் வரை கான்கிரீட் போட்டு ஷெட் இறக்கியாச்சு. அட்டாலி 'லாஃப்ட்' ஆகிவிட்டது. ஓணானை ஒடக்கான் என்று சொல்கிற பொடுசு எங்க தெருவில் இல்லை. தமிழுக்காவது நான்கு மொழிப் போர்டு இருக்கிறது. கொங்குத் தமிழுக்கு? கீரனூர்க்காரர் ஆர்.சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலில் எங்க பேச்சை 1940-களிலேயே எழுதி வைத்தார். பெருமாள்முருகன் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' தொகுத்துக் கொடுத்திருக்கிறார். அதில் ஆத்தாவுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமில்லை. வாரம் முழுக்கக் கட்டட வேலை செய்தவர்கள் அன்றைக்குத்தான் ஊருக்குப் பணம் அனுப்பவும், நண்பர்களைப் பார்க்கவும் வருகிறார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று விதவிதமான தமிழ் காதில் விழ, நடுவில் ஒரு குரல் போனில்: "ஏனுங்கம்மா, சாப்டாச்சுங்களா?" திரும்பிப் பார்த்தேன். பேச்சுக் கொடுத்தால் மூலனூர்ப் பக்கம். எங்க ஊரிலிருந்து கூப்பிடு தூரம்! சைட்டில் இப்படிப் பேசுவதில்லையாம். "பேசுனா கவுண்டமணி, கோவை சரளான்னு ஓட்டுறாங்கம்மிணி. அதான் ஊட்டுக்குப் போன் போட்டா மட்டும்" என்றார்.

எனக்கு அது புதுசாக இல்லை. முன்பு ஒரு இடத்தில் வீடியோவுக்குக் குரல் கொடுக்கப் போனபோது, 'ங்க'வை எடுத்துவிட்டுப் பேசச் சொன்னார்கள். பொதுத் தமிழ் வேண்டுமாம். எடுத்துவிட்டுப் பேசினேன், சம்பளம் வந்தது. அதற்கப்புறம் வீட்டில் அம்மாவிடம் பேசும்போதும் அந்த 'ங்க' சில நேரம் வர மறுக்கிறது. குடோன் மாதிரி ஊர் சுற்றிவிட்டு அதுவே திரும்பி வரும் என்று விட்டுவிடவும் முடியாது. திரும்பி வராத சொல்தான் ஜாஸ்தி. அதனால் இப்போது வெங்காயம் உரிக்கிற நேரத்தில் மலாய் பாடம் பாதி, ஆத்தா பேச்சைப் போனில் ரெக்கார்ட் பண்ணுவது பாதி. போனைக் கண்டால் ஆத்தா செய்தி வாசிக்கிற மாதிரி சுத்தத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுகிறது. வெங்காயக் கூடைக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது.

ஊர் திரும்பிய அன்று ராத்திரி பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் பன் வாங்கப் போனேன். கவுன்டரில் ஒடிசாவிலிருந்து வந்த பையன், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அவனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது பேக்கரி வாடிக்கையாளர்கள்தான். நான் எனக்குத் தெரிந்த ரெண்டு வார்த்தை ஒடியாவில் "கேமிதி அச்ச?" என்று நலம் விசாரித்தேன். அவன் பன்னைப் பேப்பரில் சுருட்டிக்கொண்டே சொன்னான்:

"நல்லாருக்கேனுங்க்கா. நாலு நாளா ஆளையே காணமுங்க, எங்கீங்க போயிருந்தீங்க?"