எதற்கு என்று முதலில் கேட்போம்: பெரியவர்களின் ஆங்கில வகுப்பு பற்றி எங்கள் நிலைப்பாடு

புதுச்சேரி நகரத்தில் வேலை முடிந்து மாலையில் வருகிற பெரியவர்களுக்குக் கட்டணமில்லாமல் ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் நாங்கள். வந்தவர்கள் எல்லோரையும் ஒரே பேட்ச்சில் உட்காரவைத்து, ஒரே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து நடத்தும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. இவருக்கு ஆங்கிலம் எதற்கு வேண்டும், ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று தமிழில் பேசித் தெரிந்துகொண்ட பிறகே பாடம் தொடங்க வேண்டும்.

ஒரு மாலை வகுப்புக்கு யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ரயில் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர். பெங்களூரிலிருந்து வரும் பயணியிடம், மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், இந்த முனையில் இறங்கி நடக்க வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே விளக்கிவிடுவார். அதே பயணி போனில் அனுப்பிய இரண்டு வரியை அவரால் படிக்க முடியாது. அவருக்குப் பக்கத்தில் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி, பென்ஷனோடு சொந்தத் தெருவுக்குத் திரும்பியவர். ஆங்கில நாளிதழை நீட்டினால் பாதி புரிகிறது என்பார், ஏனென்றால் இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள் ஏராளம். ஆனால் வங்கியிலிருந்து போன் வந்தால் மனைவியிடம் கொடுத்துவிடுகிறார். அவர் தடுக்கி விழும் இடங்களும் வேறு. பிரெஞ்சில் ‘லிப்ரெரி’ என்றால் புத்தகக் கடை. ஆங்கில ‘லைப்ரரி’யை அவர் பலமுறை கடையாகவே படித்தார்.

இந்த இருவரையும் ‘பிகினர்’ என்று எழுதி ஒரே பெஞ்சில் உட்காரவைத்தால் இருவருக்குமே அநியாயம். ஒருவருக்கு வாய் இருக்கிறது, எழுத்து வேண்டும். மற்றவருக்கு எழுத்து இருக்கிறது, காதும் வாயும் வேண்டும். பேச்சு, கேட்டல், படிப்பு, எழுத்து நான்கையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒருவரின் நிலையை யாராலும் சொல்ல முடியாது. ஏ, பி, சி, டி-யிலிருந்து தொடங்கினால் ஆட்டோக்காரர் மூன்றாம் நாள் வரமாட்டார். அவருக்குச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னோம், அது தவறு.

அடுத்த பெஞ்சில் ஒரு தாய். 2023-24 கல்வியாண்டு முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு, மகனின் டைரியில் மிஸ் எழுதுவதைப் படிக்க வேண்டும் என்று வந்தவர். கடைசியில் ஒரு நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. எழுதப்போகிறவர். மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள அந்தத் தேர்வில், நோயாளியின் குறிப்புகளை வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். நோயாளியோடு பேசுவதுபோல் இரண்டு முறை பேசிக்காட்ட வேண்டும். இலக்கணப் புத்தகத்தின் ஐந்தாம் பாடம் அவருக்கு எந்த உதவியும் செய்யாது.

இதையெல்லாம் புதுச்சேரிக்குச் சொல்லவேண்டியிருப்பதுதான் எங்களுக்கு வருத்தம். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர் இது. 1889-இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் இன்றும் இங்கே பிரெஞ்சு கற்பிக்கிறது. ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட அளவுகோலின்படி அங்கே வகுப்புகள் ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு மாதத்தில் பிரெஞ்சு வந்துவிடும் என்று இந்த ஊரில் யாரும் நம்புவதில்லை. ஆங்கிலத்துக்கு மட்டும் ‘முப்பது நாளில் சரளமாக’ என்று போர்டு வைக்கிறார்கள். அதை நம்பிப் பலர் பணம் கட்டுகிறார்கள். கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீட்டில் ஏ2 நிலையை எட்டவே 180 முதல் 200 மணி நேரப் பயிற்சி வேண்டும். பி1-க்கு 350 முதல் 400. தினமும் ஒரு மணி என்றால் முப்பது நாளில் முப்பது மணிதான். மீதிக் கணக்கைச் சொல்லாமல் பணம் வாங்குவதை நாங்கள் ஏற்கவில்லை. முப்பத்தோராம் நாள் பணம் கட்டியவர் தன் தலையில்தான் அடித்துக்கொள்கிறார், ‘எனக்கு மண்டையில ஏறல’ என்று.

வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்ற விதியையும் எதிர்க்கிறோம். ஐம்பது வயதுக்காரரிடம் பத்து ரூபாய் அபராதம் கேட்டால் அவர் எந்த மொழியிலும் பேசமாட்டார். அதைவிட முக்கியமான காரணம், தமிழரின் ஆங்கிலத்தில் வரும் பல சிக்கல்கள் தமிழ் வழியாகத்தான் அவிழும் என்பது. ‘இந்தப் பணம் நீங்க அனுப்பலையா?’ என்று கேட்டால் நாம் ‘ஆமா, அனுப்பல’ என்போம். வங்கிக்காரர் இதையே ஆங்கிலத்தில் கேட்கும்போது பழக்கத்தில் ‘எஸ்’ என்றுவிடுகிறோம். அனுப்பினேன் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். அங்கே ‘நோ’ சொல்ல வேண்டும் என்பதைத் தமிழில் ஐந்து நிமிடத்தில் புரியவைக்கலாம். ஆங்கிலத்திலேயே விளக்கினால் ஒரு மாலை போதாது. ‘மேசைமேல்’ என்பதில் பின்னால் நிற்கும் ‘மேல்’, ஆங்கிலத்தில் முன்னால் போய் நிற்கிறது என்பதும் அப்படித்தான்.

ஒரு அறை, ஒரு ஆசிரியர், இருபது பேர், இதில் எப்படிப் பிரிப்பது என்று பயிற்சி மையம் நடத்துபவர்கள் கேட்பது நியாயமே. எங்களுக்கும் அறை ஒன்றுதான். அதனால் தாள் ஒன்று, வேலை வேறு என்று நடத்துகிறோம். மின்கட்டண பில் ஒன்றை எல்லோருக்கும் கொடுக்கிறோம். ஒருவர் தொகையையும் கடைசித் தேதியையும் கண்டுபிடிப்பார். இன்னொருவர் தொகை அதிகம் என்று போனில் பேசுவதுபோல் பேசுவார். மூன்றாமவர் அதையே புகார்க் கடிதமாக எழுதுவார். தேர்வுக்குப் படிக்கும் நர்ஸ்களை மட்டும் இதில் சேர்க்க முடியவில்லை. அவர்களுக்குத் தனி நேரம் கட்டாயம் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெரியவர்களின் வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்து தமிழ் எழுத்தைக் கற்பித்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது.

அரசிடம் எங்கள் கோரிக்கை இரண்டு. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்காக 2022 முதல் 2027 வரை நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தொடர்கல்வியும் ஒரு பகுதி. அதன்கீழ் நிலைவாரியான ஆங்கில வகுப்புகளைப் புதுச்சேரியில் தொடங்க வேண்டும். அரசுப் பள்ளி வகுப்பறைகளை இரவு ஏழு முதல் ஒன்பது வரை இதற்குத் திறந்துவிட வேண்டும். பகலில் வா என்று சொன்னால் ஆட்டோவையும் அடுப்படியையும் விட்டு யாரும் வர முடியாது. தனியார் மையங்கள் நாள் கணக்கை எடுத்துவிட்டு, எந்த நிலைக்கு எத்தனை மணி நேரம் என்று போர்டில் எழுத வேண்டும்.

எங்கள் சேர்க்கைப் படிவத்தில் படிப்பு, சாதிச் சான்று எதையும் கேட்பதில்லை. ஆங்கிலம் தெரியாததால் கடைசியாக எந்த இடத்திலிருந்து வேலை முடியாமல் திரும்பி வந்தீர்கள் என்று கேட்கிறோம். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அன்று கையில் இருந்த தாளோ, போனில் வந்த செய்தியோ இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். உங்கள் முதல் பாடம் அதிலிருந்துதான் தொடங்கும்.