கோவையில் வென்ற கோப்பை

நம் சங்கத்து விளையாட்டு விழாவில் ஒரு பையனைக் கேட்டேன்: "சென்னை சிட்டி என்ற அணியைத் தெரியுமா, தம்பி?" "சி.எஸ்.கே. தானே மாமா?" என்றான். பக்கத்தில் நின்ற அவன் அப்பாவும் சிரித்தாரே தவிர, திருத்தவில்லை. அவருக்கும் தெரியாது.

2019 மார்ச் 9. கோவை நேரு விளையாட்டரங்கு. ஐ-லீக் கால்பந்தின் கடைசி ஆட்டம். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. எதிரே முந்தைய ஆண்டுச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். தொடக்கத்திலேயே நம் அணி ஒரு கோல் வாங்கியது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிய ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தை வென்றுவிட்டது. இடைவேளைக்குப் பின் பெட்ரோ மான்சி ஒன்று, கௌரவ் போரா இரண்டு என 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், முதன்முறையாக ஒரு தமிழ்நாட்டு அணிக்கு ஐ-லீக் பட்டம்!

பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். போரா அசாம்காரர். அவர்களோடு எட்வின், ரொமாரியோ, அஜித்குமார் என்று நம் ஊர்ப் பிள்ளைகள். பிழைக்க வந்த ஊரைத் தம் ஊராக்கிக்கொண்ட நமக்கு இந்தக் கூட்டணியின் அருமை புரியாதா?

அதே ஆண்டு மே மாதம், மதுரை சேது எஃப்.சி. பெண்கள் இந்திய மகளிர் லீக்கை வென்றார்கள். எங்கே? லூதியானாவில். டெல்லியிலிருந்து சில மணி நேர ரயில் பயணம். நம்மில் எத்தனை பேர் போனோம்? நானும் போகவில்லை. ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு மட்டும் அலைந்தேன்.

2020-21 சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவில்லை. கோப்பை வாங்கிய இரண்டே ஆண்டில் அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. பணம், நிர்வாகம் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால், காணாமல் போனதைக்கூட நாம் கவனிக்கவில்லையே, அதுதான் என் வருத்தம். ஆள் சேராத தேர் எத்தனை அழகாக இருந்தும் நகராது.

கிரிக்கெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த விளையாட்டு விழாவில் கால்பந்துக்கும் ஒரு நாள் ஒதுக்குவோம், பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து. டெல்லி கேட் அம்பேத்கர் அரங்கில் தமிழ்நாட்டு அணி ஆட வந்தால், பத்துக் குடும்பமாவது போய்க் கை தட்டுவோம். அடுத்த முறை அந்தப் பையன் கேட்டால், பதில் சொல்ல அவன் அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.